காற்று தின்னும் கால்பலம்

2022 அக்டோபர் 8 அன்று, சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் உள்ளரங்கத் தடத்தில் இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். 1972இல் மெக்சிகோ நகரில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டியது 49.431 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுகளில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. வீரர்களின் கால்களுக்கு அவ்வளவு பலம் ஏறிவிட்டதா?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் தனியாகப் போகிறவரின் உழைப்பில் 80 முதல் 90 சதவீதம் வரை காற்றைத் தள்ளவே செலவாகிறது. டயரும் சங்கிலியும் தின்பது மிச்சத்தைத்தான். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். 36 கி.மீ. வேகத்தில் காற்றுக்காக 180 வாட் கொடுக்கும் ஒருவர், உட்காரும் நிலையை மாற்றாமல் 45 கி.மீ.க்குப் போக சுமார் 350 வாட் கொடுக்க வேண்டும். வேகம் கால் பங்குதான் கூடியது. திறனோ ஏறக்குறைய இரட்டிப்பு. சீக்கிரம் போய்ச் சேர்வதைக் கணக்கில் எடுத்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் கரைகிறது.

இதே கணக்கின்படி, மெர்க்ஸ் சந்தித்த காற்றுத்தடையோடு கன்னாவின் தூரத்தை எட்ட, மெர்க்ஸைவிட ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். அப்படியொரு மனிதர் இன்னும் பிறக்கவில்லை. இத்தனைக்கும் மெர்க்ஸ் ஓட்டியது 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில், மெலிந்த காற்றில்.

வித்தியாசம் காற்றுத்தடையில்தான் என்பதற்குச் சரியான சாட்சி பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மன். 1996இல் மான்செஸ்டரில் கைகளை முன்னால் முழுக்க நீட்டிய ‘சூப்பர்மேன்’ நிலையில் அவர் 56.375 கி.மீ. ஓட்டினார். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு அந்த நிலையைத் தடை செய்தது. பிறகு, மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளைப் போன்ற ஒன்றில் ஓட்டினால்தான் சாதனை என்று விதியையும் மாற்றியது. 2000இல் அதே போர்ட்மன், அதே ஊரில், வளைந்த கைப்பிடியைப் பிடித்து ஓட்டினார்: 49.441 கி.மீ. மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் அதிகம்! நான்கு வயது கூடியதற்காக ஒரு வீரர் ஏழு கிலோமீட்டரை இழக்க மாட்டார். இழந்ததில் பெரும்பங்கு அந்த உட்காரும் நிலையில் இருந்தது.

சைக்கிளும் வீரரும் சேர்ந்து சந்திக்கும் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வீரரின் உடலால் வருவது. சாலைப் பந்தயத்தில் கூட்டத்துக்கு நடுவே பதுங்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரச் சாதனையில் ஒளிந்துகொள்ள யாருடைய முதுகும் கிடையாது. தலையைத் தோள்களுக்கு நடுவே புதைத்து, முழங்கைகளை நெருக்கி, முதுகைத் தட்டையாக்கித்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். ஆனால் அதிகம் மடங்கினால் இடுப்பு நெருக்குண்டு கால்கள் தரும் திறன் குறையும், மூச்சு முட்டும், கழுத்து கெஞ்சும். காற்றுச் சுரங்கத்தில் சில நிமிடம் அழகாகத் தெரியும் நிலையை அறுபது நிமிடம் கலைக்காமல் காப்பது தனித் திறமை. காற்றியல் என்றாலே ‘கருவி ஜெயித்தது’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

2014இல் விதிகள் தளர்ந்து நவீன தடச் சைக்கிள்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். டூர் டி பிரான்ஸ் வென்ற பிராட்லி விக்கின்ஸ் 2015இல் லண்டனில் 54.526 கி.மீ. ஓட்டினார். அன்று காற்றழுத்தம் அதிகம். அடர்ந்த காற்று அவருக்கு எதிராக நின்றது. 2022 ஆகஸ்ட்டில் டேன் பிக்ஹாம் கிரென்ஷனில் 55.548 கி.மீ. ஓட்டினார். பெரிய சுற்றுப் பந்தயம் எதையும் வென்றவரல்லர். அப்போது இனியோஸ் அணியின் பொறியாளர். உட்காரும் நிலை, உடை, தடத்தின் வெப்பநிலை என ஒவ்வொன்றிலும் வாட்டுகளைச் சேமித்து, விக்கின்ஸைவிட ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் போனார்.

அவர் சேர்த்த அறிவைக் கொண்டு அதே அணியின் கன்னா இரண்டு மாதத்துக்குள், அதே தடத்தில் சாதனையைப் பறித்தார். கூடுதல் தூரம் 2.2 சதவீதம்தான். ஆனால் தடை சமமாக இருந்தால் அதற்கு 7 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். காற்றியல் அறிவு இருவருக்கும் பொதுவானதும், வலுத்த கால்கள் வென்றன.

அடுத்த இலக்கு 60 கி.மீ. அதற்குக் கன்னா தந்ததைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். இல்லையென்றால் தடை 15 சதவீதம் குறைய வேண்டும். மெக்சிகோ நகரின் காற்று கிரென்ஷனைவிட 15 சதவீதத்துக்கும் மேல் மெலிது. அப்படியானால் அங்கே போனால் போதுமே என்று தோன்றும். ஆக்ஸிஜனும் அதே அளவு மெலிந்திருக்கும் என்பதுதான் சிக்கல். காற்றில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியை நுரையீரல் திருப்பிக் கொடுத்துவிடும். உயரத்துக்குப் பழகிய உடலும், இன்னும் சுருங்கிய உட்காரும் நிலையும் ஒருவரிடமே சேர வேண்டும். ஆகவே 60ஐத் தொடப்போகிறவர் இன்றைய வீரர்களில் மிகப் பலசாலியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. குனிந்த நிலையில் பலத்தை இழக்காதவராக இருந்தாக வேண்டும்.