ஊசியும் உருவமும்: செல்லப்பிராணிகளின் துணியோவியங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஓவியத்தையும் சிற்பத்தையும் கலை என்றும், தையலையும் பன்னவேலையையும் கைப்பணி என்றும் வகுத்து நோக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலங்கைப் பாடசாலைகளிற் சித்திரம் தனியொரு பாடமாகவும், தையல் மனைப்பொருளியலின் ஒரு கூறாகவும் கற்பிக்கப்படுவது இவ்வழக்கத்தின் ஒரு வெளிப்பாடேயாகும். இது வெறும் பாட ஒழுங்கு மாத்திரமன்று. எது கலை, எது பொழுதுபோக்கு, யாருடைய உழைப்பு கண்காட்சி மண்டபத்துக்கு உரியது, யாருடையது வீட்டுச் சுவருக்கு உரியது என்ற தீர்ப்பொன்று இதன் பின்னால் மறைந்து கிடக்கின்றது. அத்தீர்ப்பை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்றதொரு கல்லாக, நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகளின் உருவங்களை வண்ணப் பென்சிலாலும் கைத்தையலாலும் துணியிலே ஆக்கும் கலை அமைகின்றது.

முதலில் இக்கலையின் செய்முறை நோக்கற்பாலது. நெருக்கமாக நெய்யப்பட்ட வெண்பருத்தித் துணி இதற்குத் தளமாகின்றது. துணி நெகிழ்ந்து கொடுக்காதிருக்கும் பொருட்டு அதன் பின்புறத்திலே தாளொன்று தற்காலிகமாக ஒட்டப்படும். புகைப்படத்திலிருந்து பிராணியின் உருவரை துணிக்கு மாற்றப்பட்டபின், வண்ணப் பென்சிலால் நிழலும் ஒளியும் மெல்லிய படைகளாக ஏற்றப்படும். மெழுகுசார்ந்த பென்சில் வண்ணம் நூலிழையில் உறுதியாகப் பற்றுவதில்லை. துணிக்குரிய ஊடகமொன்றைப் பூசி நிலைப்படுத்தாவிடின் கழுவும்போது மங்கிவிடும். அதன்பின் துணி வட்டச் சட்டத்தில் இறுக்கப்பட்டுத் தையல் தொடங்கும். ஆறிழை கொண்ட பருத்தி நூலிலிருந்து ஓரிழையோ ஈரிழையோ பிரித்தெடுக்கப்பட்டு, நீளமும் குறுமையும் மாறிமாறி வரும் தையலால் உரோமம் ஆக்கப்படும். ஈரமான மூக்கும், கண்ணின் மணியும், அம்மணியில் விழும் ஒளிப்புள்ளியும் பெரும்பாலும் இறுதியிலேயே இடம்பெறும்.

இவ்வாறு உருவாகும் ஆக்கங்களைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. வசதி படைத்த மத்தியதர வர்க்கத்தாரின் ஓய்வுநேர உணர்ச்சிப் பெருக்கே இவை என்றும், சமூகப் பயன் எதுவுமற்றவை என்றும் ஒரு சாரார் ஒதுக்குவர். "புகைப்படத்தைப் போலவே இருக்கின்றது" என்று மறுசாரார் வியப்பர். முன்னையது நிராகரிப்பு, பின்னையது பாராட்டு. ஆயினும் இரண்டும் ஒரே குறைபாட்டிலிருந்தே பிறக்கின்றன. ஊசி என்ன செய்தது என்பதை இரு சாராருமே நோக்குவதில்லை.

இக்குறைபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இலண்டனில் 1768இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமி, தன் முதற் சில ஆண்டுகளுக்குள்ளேயே தையல் வேலைப்பாடுகளைத் தனது கண்காட்சியிலிருந்து விலக்கி விதி செய்தது. அதன் தாபக உறுப்பினருள் அஞ்செலிக்கா கௌவ்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்கள் இருந்தனர். அவர்களுக்குப் பின் முழு உறுப்புரிமை பெற்ற பெண் லோறா நைற் ஆவார். அது நிகழ்ந்த ஆண்டு 1936. ஊடகத்தை விலக்கும் விதியும் அதனைக் கையாண்ட பாலாரை விலக்கும் நடைமுறையும் ஒன்றையொன்று தாங்கி நின்றமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இச்சூழலிலேதான் மேரி லின்வூட் (1755–1845) தோன்றினார். லெஸ்டர் நகரிலே பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை நடத்திய இவர், றெனோல்ட்ஸ், கெயின்ஸ்பறோ, ஸ்ரப்ஸ் முதலியோரின் ஓவியங்களைக் கம்பளி நூலால் துணியிலே பிரதி செய்தார். தூரிகையின் வீச்சை ஒத்த, ஒழுங்கற்றுச் சரிந்து செல்லும் தையல்கள் இவருடையவை. 1798இல் இலண்டனிற் கண்காட்சி தொடங்கிய இவர், பின்னர் லெஸ்டர் சதுக்கத்திலே பல்லாண்டுகள் தமக்கெனவே ஒரு காட்சிக்கூடம் நடத்தினார். அக்கடமி அடைத்த கதவுக்கு வெளியே ஒரு பெண் தன் ஊசியால் இத்துணை புகழ் ஈட்டியமை சிறிய சாதனையன்று. எனினும் அவர் இறந்தபின் 1846இல் அவ்வாக்கங்கள் ஏலத்திற்கு வந்தபோது மிகக் குறைந்த விலைக்கே போயின. காலத்தின் இரசனை மாறிவிட்டமை ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. ஓவியத்தைப் போலிருத்தலே அவற்றின் சிறப்பாகக் கொள்ளப்பட்டது. பிறிதொன்றைப் போலிருப்பதாற் பெருமை பெறும் பொருள், அப்பிறிதொன்றின் நிழலாகவே நிலைக்கும். வியப்புத் தணிந்ததும் நிழலுக்கு விலையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மேலும் தாழ்ந்தது. பேர்லின் நகரிலே சதுரக்கட்டத் தாளில் அச்சிட்டு வண்ணந் தீட்டப்பட்ட தையற் படிவங்கள் ஐரோப்பாவெங்கும் பரவின. கட்டத்துக்குக் கட்டம் நூலை மாற்றித் தைப்பதன்றி, தைப்பவர் தாமாகத் தீர்மானிக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. விக்ரோறியா மகாராணியின் செல்ல நாயாகிய டாஷ் உட்படப் பல பிராணிகளைத் தீட்டிய எட்வின் லாண்ட்சியரின் ஓவியங்களும் இத்தகைய படிவங்களாயின. பட்டு மெத்தையிற் படுத்திருக்கும் நாய் எண்ணற்ற வீடுகளிலே கம்பளியால் தைக்கப்பட்டது. ஆயின் அது எவருடைய நாயும் அன்று. சந்தைக்கு வந்த ஒரு படிவத்தின் நாய். இக்காலத்து ஆக்கங்களை உணர்ச்சிச் சரக்கு எனக் கண்டிப்போரின் கூற்று இவற்றைப் பொறுத்தவரை பெரிதும் பொருந்தும். தையற்கலை தன் தீர்மானிக்கும் உரிமையை இழந்து, உழைப்பாக மாத்திரம் எஞ்சிய காலம் அது.

இதற்கு மாறான பாதையொன்றைச் சீனத்தின் சூசோ நகரப் பட்டுத் தையல் மரபிலே காணலாம். அம்மரபில் வந்த ஷென் ஷோ (1874–1921) என்னும் பெண், மேலைநாட்டு ஓவியத்தின் ஒளிநிழல் முறையைத் தையலுக்குக் கொண்டுவந்தார். தாம் கையாண்ட தையல் வகைகளை நோய்வாய்ப்பட்டிருந்த காலத்திலே வாய்மொழியாகக் கூறி நூலாக்கவும் செய்தார். ஒளிநிழலை அவர் ஓவியத்திடமிருந்து பெற்றார். ஆயின் அதனைத் தையலின் மொழியிலேயே சொன்னார். இம்மரபின் பிற்கால ஆக்கங்களுட் பெரும்புகழ் பெற்றவை இருபுறமும் ஒருபடித்தாகத் தோன்றும் பூனை உருவங்களாகும். ஒரு பட்டிழை பல கூறுகளாகப் பிளக்கப்பட்டு, மயிரினும் மெல்லியதாக்கப்பட்டு, உரோமம் வளரும் திசையிலேயே இடப்படுகின்றது. பட்டின் பளபளப்புப் பார்ப்பவரின் நிலைக்கேற்ப மாறுவதால், தையலின் திசை மாறுமிடத்து நிறமும் மாறித் தோன்றும். இது தூரிகையால் இயலாதது. ஊசி தூரிகையைப் பின்பற்றுவதை விடுத்துத் தன் இயல்பாற் பேசத் தொடங்கிய இடம் இதுவெனலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய வண்ணப்பென்சில்–தையல் ஆக்கங்களை மதிப்பிடுதல் பொருத்தமாகும். பென்சிலுக்கும் ஊசிக்கும் வேறுவேறு ஆற்றல்கள் உண்டு. பென்சில் நிறத்தைப் படிப்படியாக மங்கச் செய்யும். எல்லை தெரியாது ஒன்றை மற்றொன்றிற் கரைக்கும். ஊசிக்கு அது எளிதன்று. ஆனால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தொடக்கமும், ஒரு முடிவும், ஒரு திசையும் உண்டு. நாயின் முகத்திலே உரோமம் மூக்கின் மேலிருந்து நெற்றி நோக்கியும், கண்ணைச் சுற்றி விலகியும், கன்னத்திற் கீழ்நோக்கியும் செல்கின்றது. இத்திசைகளை அறியாது இடப்பட்ட தையல், நிறம் எவ்வளவு சரியாயினும் உயிரற்ற பொம்மையையே தரும். திசைகளை அறிந்து இடப்பட்ட தையலோ, நிறம் சற்றே பிழைப்பினும், தடவிப் பார்த்த கையின் நினைவைத் தரும். வளர்த்தவரின் கை அப்பிராணியை அறிந்தது தடவலினால் அல்லவா? புகைப்படத்துக்கு எட்டாத அறிவு இது.

ஆகவே சிறந்த ஆக்கங்களிலே துணி முழுவதும் தையலால் நிரப்பப்படுவதில்லை. பின்னணியும் நிழலும் பென்சிலுக்கு விடப்படும்; காதின் விளிம்பு, மீசை, நெஞ்சின் அடர்ந்த உரோமம் ஆகியன ஊசிக்கு ஒதுக்கப்படும். சிலவிடங்களில் துணி வெறுமையாகவே விடப்படும். எதனைத் தைப்பது, எதனை விடுவது என்ற தெரிவிலேதான் கலைஞர் வெளிப்படுகின்றார். மாறாக, புகைப்படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நிரப்ப முயலும் ஆக்கம் பொறுமைக்குச் சான்றாகலாம், பார்வைக்குச் சான்றாகாது. அது கட்டத்தாளின் இடத்திலே புகைப்படத்தை வைத்த பேர்லின் படிவமேயாகும்.

இனி, உணர்ச்சி பற்றிய குற்றச்சாட்டு எஞ்சியுள்ளது. இவ்வாக்கங்களுட் பல, இறந்துபோன பிராணிகளின் நினைவாகச் செய்யப்படுவன. ஒரு நாய்க்கு இத்துணைத் துயரம் தகுமோ என வினவுவோர் தமிழர் வரலாற்றையே திரும்பி நோக்குதல் நன்று. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை தொடர்பான பூசலில் வீழ்ந்த வீரனோடு அவனது நாயும் அக்கல்லிலே செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்றமையும், கோவிவன் என்ற அதன் பெயரும் கல்வெட்டிலே பொறிக்கப்பட்டுள்ளன. அந்த நாய் நாயினத்தின் பிரதிநிதியன்று. பெயரும் செயலும் உடைய தனியொரு நாய். உருவப்படம் என்பதன் அடிப்படை இலக்கணமே இத்தனித்தன்மைதான். அன்றைய சமூகம் உளியால் செய்ததை இன்றொருவர் ஊசியாற் செய்யுமிடத்து, பொருள் அற்பமானதென ஒதுக்குதற்கு நியாயமில்லை. உணர்ச்சி இருப்பது குற்றமன்று. அவ்வுணர்ச்சி எல்லா நாய்க்கும் பொருந்தும் பொதுச் சரக்காக இருப்பதே குற்றம்.

வர்க்க நோக்கில் எழும் விமரிசனத்தையும் முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஓய்வும் பொருளும் உள்ளோர்க்கே இத்தகைய ஆக்கங்கள் பெரிதும் இயல்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அவ்விமரிசனம் பாதிவழியில் நின்றுவிடுகின்றது. எண்ணெய் வண்ண ஓவியமும் பிரபுக்களின் வேட்டை நாய்களைத் தீட்டியே வளர்ந்தது. அதனை எவரும் பொழுதுபோக்கு என்பதில்லை. ஒரே பொருள் ஆணின் தூரிகையிற் கலையாகவும் பெண்ணின் ஊசியில் ஓய்வாகவும் கொள்ளப்படுமாயின், அங்கு இயங்குவது வர்க்கப் பார்வை மாத்திரமன்று. றொசிக்கா பார்க்கர் 1984இல் வெளியிட்ட தையற்கலை வரலாற்று நூல், பெண்களை அடக்கமுடையோராகப் பழக்கவும், அதே வேளையிற் பெண்கள் தம் எதிர்ப்பை வெளியிடவும் ஊசி எவ்வாறு பயன்பட்டது என்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. அவ்விரு முகங்களையும் கருத்திற் கொள்ளாத மதிப்பீடு முழுமையானதாகாது.

தையலைக் கலையென ஏற்பது அதற்குக் காட்டும் சலுகையாக அமைந்துவிடக் கூடாது. கலையென ஏற்பின், கலைக்குரிய கண்டிப்போடு அதனை அளத்தலும் வேண்டும். "எவ்வளவு பொறுமை!" என்ற வியப்பு உழைப்பைப் பாராட்டி, ஆக்கத்தை ஆராயாது விட்டுவிடுகின்றது. இந்தக் காதை ஏன் தைத்தார், இந்த நிழலை ஏன் பென்சிலுக்கு விட்டார், இந்த வெறுமை எதற்கு என்று வினவும் விமரிசனமே ஊசி பிடித்த கைக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.