பசுவும் காசும்

இரண்டும் ‘சு’வில்தான் முடிகின்றன. ஆனால் ‘ஐ’ சேர்ந்ததும் ஒன்று பசுவை ஆகிறது, மற்றது காசை ஆகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் “காசுவை எடு” என்று சொல்லிப் பாருங்கள்; சிரித்துவிடும். முற்றியலுகரம், குற்றியலுகரம் என்ற பெயர்கள் அதன் காதில் விழ இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆனாலும் பசுவின் உகரம் இதழ் குவிந்து முழு மாத்திரை ஒலிப்பதும், காசின் உகரம் அரை மாத்திரையாகத் தேய்ந்து, உயிரொன்று வந்ததும் இடத்தைக் காலிசெய்துவிடுவதும் அந்தக் காதுக்கு முன்பே தெரியும்.

கல், கால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் சுவை. கல்லை, ஆனால் காலை. பொன்னை, ஆனால் தேனை. பகலுக்குக் குறில் இரண்டு, ஆகவே பகலை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலிலேயே சொல்லிவிட்டார். ஆங்கில வகுப்பிலும் அதே பிள்ளை இதன் உறவுக்காரனைச் சந்திக்கிறது: ‘ஹாப்’போடு ‘இங்’ சேர்ந்தால் ‘பி’ இரண்டாகும், ‘ஹோப்’போடு சேர்ந்தால் ஆகாது. ஆனால் அங்கே இரட்டிப்பெல்லாம் தாளோடு சரி. காதில் விழுவது ஒரே ஒரு ‘ப்’தான். ‘கல்லை’ என்னும்போதோ நாக்கே மேலே ஒட்டி ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது. எனக்கு நம்முடையதுதான் நாணயமான கணக்காகப் படுகிறது.

தீயை, பூவை என்பதற்கு மனப்பாடமே வேண்டாம். ‘ஈ’ சொல்லும் நாக்கு யகரத்தை ஒட்டியே இருக்கிறது. ‘ஊ’ சொல்லக் குவிந்த இதழுக்கு வகரம் கிட்ட. ஒரு கண்ணாடி போதும்.

சிக்கல் ஆற்றில்தான். பேச்சில் ‘ஆத்துல’ என்கிறோம். பிள்ளை ‘ஆத்தில்’ என்று எழுதுகிறது. சிவப்பு மையால் சுழிக்குமுன் கவனிக்க வேண்டும்: இரட்டிக்கும் வேலையைப் பிள்ளை சரியாகவே செய்திருக்கிறது, எழுத்துதான் மாறிப்போயிற்று. ‘வீட்டுல’ என்பதில் பேச்சின் ‘ட்ட’ எழுத்திலும் அப்படியே இருப்பதால், வீட்டை முதலில் காட்டி, பிறகு ஆற்றுக்கும் சோற்றுக்கும் கூட்டிப்போகும் ஆசிரியர் கெட்டிக்காரர். ‘வீட்டுக்கு’ என்பதில் இரட்டித்த டகரம் ‘வீடுகள்’ என்பதில் ஏன் சும்மா இருக்கிறது என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தால் மட்டும் அவரும் கொஞ்சம் திணறத்தான் வேண்டும்.