சுவரோவியமும் தெருவின் வரலாறும்

சுவரில் ஓவியம் தீட்டுவது தமிழர்க்குப் புதிய கலையன்று. சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலும் அதற்குச் சான்று பகரும். அவற்றினும் பழைய செய்தியொன்று பரிபாடலில் உண்டு. திருப்பரங்குன்றத்துக்குச் சென்ற மக்கள், அங்கிருந்த ஓவிய மண்டபத்தில் காமனையும் இரதியையும் அகலிகையையும் கண்டனர். அறியாதோர் உருவங்களைச் சுட்டி, இவர் யாவர் என வினவினர். அறிந்தோர் விடை கூறினர். பொதுவிடத்து ஓவியத்தை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை. காண்போரை அது வினவத் தூண்டுகிறதா? விடை கூற இடந்தருகிறதா? இவ்விரண்டையும் கொண்டு இன்றைய நகரச் சுவர்களை ஆராய்வோம்.

முதலில் பினாங்கு. 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனில், 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் சில ஓவியங்களைத் தீட்டினார். ஆர்மீனியத் தெருச் சுவரில் இரு குழந்தைகளை வரைந்து, மெய்யான மிதிவண்டி ஒன்றை அவர்களோடு பொருத்தினார். காரை உதிர்ந்த பழஞ்சுவரை மறைக்காமல், அதையே ஓவியத்தின் உறுப்பாக்கிய திறன் பாராட்டுக்குரியது. ஆயினும், வருவோர் மிதிவண்டியைத் தொட்டு நின்று படமெடுத்துக்கொண்டு போகின்றனர். அவர்களுக்கு அங்கே மகிழ்ச்சி கிடைக்கிறது, வினா எழுவதில்லை. அது ஓவியரின் குற்றமன்று. அவர் காட்ட விரும்பியது குழந்தைமையின் களிப்பு, அதைக் காட்டிவிட்டார்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நிலைமை வேறு. லசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் 2015 முதல் அவ்வட்டாரச் சுவர்களில் ஓவியங்கள் இடம்பெற வழிசெய்தன. அவற்றுள் பெலிலியோஸ் சந்தில் ஓவியர் ஒருவர் தீட்டியது, நம் மக்களின் பழந்தொழில்களைக் காட்டுவது. கிளி சோதிடர், பூமாலை தொடுப்பவர், சலவைத் தொழிலாளி, கச்சாங் பூத்தே விற்பவர் முதலியோர் அதில் இடம்பெற்றனர். அரசரையும் தலைவரையும் விட்டு, உழைத்து உண்டவரைச் சுவரில் ஏற்றியது நற்செயல். கிளியையும் சீட்டையும் காணும் சிறுவன், இது என்ன என்று பாட்டனைக் கேளாதிருப்பானா? முதல் அளவுகோலில் இவ்வோவியம் வென்றுவிட்டது.

இரண்டாவதில்தான் குறை தென்படுகிறது. தொழிலாளர் ஒவ்வொருவரும் நினைவேட்டின் பக்கங்களைப்போலத் தனித்தனியே நிற்கின்றனர். எங்கிருந்து வந்தனர், ஏன் இவ்விடத்தில் கூடினர் என்பதற்கு ஓவியத்தில் குறிப்பில்லை. ஆனால் அந்தச் சந்தின் பெயரே ஒரு விடை. பெலிலியோஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர். அருகிலுள்ள கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் எருமையின் பெயரையே தாங்கியுள்ளன. மாடு இருந்ததால் தொழுவமும், தொழுவம் இருந்ததால் பால்காரரும், அவர்களை நம்பிக் கடைகளும் பெருகிய வட்டாரம் அது. சுவர் சொல்லாததைத் தெருப் பலகை சொல்லிக்கொண்டிருக்கிறது!

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். அமோய் தெருவில் தியான் ஹோக் கெங் கோயிலின் பின்சுவரில், 2017-இல் இப் யூ சோங் 44 மீட்டர் நீள ஓவியம் தீட்டினார். ஹொக்கியன் மக்கள் கடல் கடந்து வந்ததும், உழைத்ததும், நிலைபெற்றதும் அதில் தொடர்கதையாக விரிகின்றன. நடந்துகொண்டே காண்பவன், முன்னோர் வாழ்வோடு உடன் நடக்கிறான். அது ஒரே சமூகத்தின் கோயிற்சுவர். லிட்டில் இந்தியாவோ பலர் கூடும் கடைத்தெரு. இரண்டையும் ஒப்பிடலாமா எனச் சிலர் வினவக்கூடும். இடம் வேறுபட்டாலும் கதைக்குத் தொடர்ச்சி வேண்டும் என்னும் நெறி வேறுபடாது.

நம்மிடமோ கதைக்குப் பஞ்சமில்லை. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இத்தீவில் உழைத்தனர். புனித ஆண்ட்ரூ பேராலயம் அவர்கள் கையால் எழுந்தது. சிராங்கூன் சாலையில் 1858-இல் அமைந்த அரசாங்கச் சூளையில் அவர்கள் செங்கல் அறுத்துச் சுட்டனர். இந்நகரின் கட்டடங்களுக்குக் கல் தந்த சாலையில், அக்கல் சுட்ட கையைத் தீட்ட ஒரு சுவர் வேண்டாவா?

தீட்டுபவர் எந்த இனத்தவர் என்பது பெரிதன்று. தூரிகை எடுக்குமுன் அத்தெருவில் வாழ்ந்த முதியோரைக் கேட்டறிந்தாரா என்பதே பெரிது. நமக்கும் கடமையுண்டு. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அச்சுவர்களின் முன் அழைத்துச் சென்று, கண்டதையும் கேட்டதையும் எடுத்துரைக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் வெளுத்த வண்ணத்தை மீண்டும் பூசலாம். விடை கூறும் முதியோர் மறைந்துவிட்டால், அவர்தம் நினைவைப் பூசிப் புதுப்பிக்க எந்த வண்ணமும் இல்லை.