கத்தரிப்பூ நிறத்துக்குக் காத்திருத்தல்

அரிவாள் என்றதும் திருப்பாச்சேத்தியைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வீச்சரிவாளின் வளைவில் அந்த ஊர்க் கையை மிஞ்ச முடியாது. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்ட ஆளுயர அரிவாளும் அங்கே அடித்தால்தான் அழகு. ஆனால் நாள் முழுக்கச் சீமைக்கருவேலம் வெட்டுகிறவன் வளைவையா பார்ப்பான்? தோய்ச்சலைப் பார்ப்பான். அதில் என் ஓட்டு திருவேங்கடத்துக் கரிசல் பக்கத்துக்கு.

இரும்பு எல்லாருக்கும் ஒன்றுதான், லாரியில் கிடந்து தேய்ந்த வில்லுப்பட்டை. அதை அடித்து நீட்ட உடம்பில் தெம்பு போதும். தோய்ச்சலுக்குக் கண் வேண்டும்.

எனக்குப் பிடித்த ஆசாரி ஒருவர், தோய்ச்சல் நேரத்தில் பட்டறைக் கதவைச் சாத்திவிடுவார். வெயில் பட்டால் நெருப்பின் நிறம் பொய் சொல்லும். கிட்டத்தட்ட 770 டிகிரியில் எஃகைக் காந்தம் இழுக்காது, அதற்குச் சற்று மேலே போனதும் தண்ணீரில் முக்கலாம் என்பது புத்தகக் கணக்கு. அவருக்குக் காந்தமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். வாயை மட்டும் முக்கி எடுத்து, செங்கல் துண்டால் ஒரு தேய்ப்பு. முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் மெல்ல இறங்கும். முதலில் வைக்கோல் நிறம். அங்கேயே நிறுத்தினால் காய் நறுக்கும் கத்திக்குச் சரி, அரிவாளாக இருந்தால் கணுவில் பட்டதும் வாய் தெறித்துவிடும். அடுத்துப் பழுப்பு. அது கத்தரிப்பூ நிறத்தைத் தொடும் நொடியில் முழுசாகத் தண்ணீருக்குள். ஒரு மூச்சு தாமதித்தால் நீலம் ஓடி, வாய் மடங்கும் அரிவாளாகிவிடும். அந்த ஒரு மூச்சைப் பார்க்கத்தான் நான் போவேன்.

கண்ணாடிபோல் மின்னும் எவர்சில்வர் கத்தியை மெச்சுகிறவர்கள் மெச்சட்டும். துருப்பிடிக்காது என்பது நல்ல குணம்தான், ஆனால் அதைக் கூர்மையோடு சேர்த்து எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை.

துருத்தி போய் புளோயர் வந்ததற்கு நான் அழவில்லை. நெருப்புக்குக் காற்று எங்கிருந்து வந்தால் என்ன. வயிறு எரிவது கிரைண்டரைப் பார்த்துத்தான். பக்குவமாகத் தோய்ந்த வாயைப் பொறி பறக்கத் தீட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் வாய் நீலம் பாய்ந்து, போட்ட தோய்ச்சல் அத்தனையும் போயிற்று. வாங்குகிறவரும் பளபளப்பைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார். களத்தில் தானியம் அளந்து கொடுத்த சம்சாரி அப்படி விட்டிருக்க மாட்டார். வாய் மடங்கினால் மறுநாளே பட்டறை வாசலில் நிற்பார். கதிர் அறுக்க மெஷின் வந்தபின் அந்தக் கேள்வியும் நின்றுபோனது.

அரிவாள் வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கும்படி 2021-இல் காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது. எழுதட்டும், நானும் கொடுக்கிறேன். கூடவே, தோய்ச்சல் போட்டவர் பெயரை அரிவாளின் முதுகில் கொத்தவும் உத்தரவு போட்டிருக்கலாம். கிரைண்டர்காரர்களில் எத்தனை பேர் கொத்துவார்கள் என்று பார்த்திருக்கலாம்.