செத்தவர் திரும்பும் உலகில் சாவுக்கு யார் பொறுப்பு?

தொலைக்காட்சியில் பேய்க்கதை பார்ப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், அவை நெடுங்காலம் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருப்பது தெரியும்: பார்த்தவர்கள் அதை நம்பினார்களா? இந்தக் கேள்வி தொலைக்காட்சிக்கும் மூத்தது. செவ்வாய்க் கிரகத்தார் நியூ ஜெர்சியில் வந்திறங்கிவிட்டதாக 1938 அக்டோபர் 30 இரவு ஆர்சன் வெல்ஸ் ஒரு வானொலி நாடகம் நடத்தினார். அதைக் கேட்டுக் கலங்கியவர்களைப் பேட்டி கண்டு ஹாட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் 1940இல் புத்தகம் வெளியிட்டார். நாடே பீதியில் தெருவுக்கு ஓடிவந்தது என்ற சித்திரத்தைப் பின்னால் வந்த ஊடக வரலாற்றாளர்கள் கலைத்துவிட்டார்கள். விளம்பர வருவாய்க்காக வானொலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செய்தித்தாள்கள் பீதியை ஊதிப் பெருக்கின என்பது அவர்கள் வாதம். ஆனால் கேள்வி மட்டும் பிழைத்துக்கொண்டது. அது தொலைக்காட்சி ஆய்வுக்குள்ளும் அப்படியே குடிபுகுந்தது.

அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பேய்த்தொடரின் ஒரு எபிசோட் ஓடி முடிந்ததும் பார்வையாளர் பேசுவதைக் கவனித்தால், பேய் உண்டா இல்லையா என்பது அதில் அரிதாகத்தான் வரும். யார் இதைச் செய்தது, ஏன் செய்தார் என்பதுதான் பேச்சு. பயம், அழுகை, கோபம் எல்லாம் யாரையோ பொறுப்பாக்கத் தேடிப் போகின்றன.

பீதி பற்றிய ஆய்வுகளுக்குப் பிடித்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1992 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, பிபிசி 1 அலைவரிசை ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. எழுதியவர் ஸ்டீபன் வோக், இயக்கியவர் லெஸ்லி மானிங். வடமேற்கு லண்டனில் பேய் நடமாடும் ஒரு வீட்டிலிருந்து நேரலை என்ற தோற்றம். உண்மையில் எல்லாம் சில மாதங்களுக்கு முன்பே படமாக்கப்பட்டவை. தொகுப்பாளராக வந்தவர் நடிகர் அல்ல, பிரிட்டனின் புகழ்பெற்ற பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன். பேய் வீட்டுக்குள் அனுப்பப்பட்டவர் குழந்தைகள் நிகழ்ச்சிகளால் வீட்டுக்கு வீடு அறிமுகமான சாரா கிரீன். ஸ்டூடியோவில் தொலைபேசி அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்த மைக் ஸ்மித், நிஜ வாழ்விலும் சாராவின் கணவர். ‘பைப்ஸ்’ என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்திருந்த பேய், திரையின் ஓரங்களிலும் கண்ணாடிகளிலும் கண நேரம் தோன்றி மறையும். முடிவில் சாரா மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்குள் போய்த் திரும்பவில்லை. பேய் ஒளிபரப்பு வழியாகவே ஸ்டூடியோவுக்கு வந்து பார்க்கின்சனுக்குள் புகுந்துகொள்கிறது.

திரையில் ஒரு தொலைபேசி எண்ணும் காட்டப்பட்டது. பிபிசி தன் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வழக்கமாகப் பயன்படுத்திய அதே எண். கூப்பிட்டவர்களுக்கு, இது கற்பனை நாடகம் என்ற பதிவுசெய்த குரல் கேட்கும்படி ஏற்பாடு இருந்தது. ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அழைத்ததால் இணைப்பு திணறியது. பலருக்கு எங்கேஜ்டு ஒலிதான் கிடைத்தது. உண்மையைச் சொல்ல வைத்திருந்த ஒரே வாசலும் அந்த நெரிசலில் அடைபட்டுப் போனது.

பிறகு வந்த எதிர்வினைகளைத்தான் கவனிக்க வேண்டும். 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இந்த நிகழ்ச்சியைப் பார்த்தபின் நீடித்த அச்சத்துக்கு ஆளான பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு என்று அவர்கள் கொடுத்த பெயர் பொருந்துமா என்று அதே இதழில் வேறு மருத்துவர்கள் விவாதித்தார்கள். ஒளிபரப்புத் தர ஆணையம் 1995இல் பிபிசியைக் கண்டித்தது. நாடகம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மறுபடி காட்டப்படவே இல்லை. 2002இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வட்டாக வெளியிட்ட பிறகுதான் அடுத்த தலைமுறை அதைப் பார்த்தது. வந்த புகார்களின் சாரம் ‘பேய் எங்களைப் பயமுறுத்தியது’ என்பதல்ல. ‘பார்க்கின்சனும் பிபிசியும் எங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது. எழுத்தாளர் பெயர் தொடக்கத்திலேயே திரையில் வந்தது, நடிகர் பட்டியல் வார இதழில் அச்சாகியிருந்தது என்ற பதில்கள் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. ஊரறிந்த ஒரு முகத்தின் மேல் இருந்த நம்பிக்கையை அந்த முகமே செலவழித்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தக் கோபம் நியாயமானது. நாடகம் அசாத்தியமான கலை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல இத்துறை நெடுநாள் தயங்கியது.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் உண்டு. அது ரசிகர்களிடமிருந்து தொடங்குகிறது. 1966 ஜூனில் அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் ‘டார்க் ஷேடோஸ்’ என்ற பகல்நேரத் தொடரைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அதில் பேய் கிடையாது. பார்ப்பவர்களும் அதிகம் கிடையாது. மூழ்கும் கப்பலைக் காப்பாற்ற ஆவியைக் கொண்டுவந்தார்கள். 1967இல் பார்னபஸ் காலின்ஸ் என்ற ரத்தக்காட்டேரி வந்தான். சில வாரங்களில் அவனை முடித்துவிடும் திட்டம், வந்து குவிந்த கடிதங்களால் கைவிடப்பட்டது. பள்ளிவிட்டதும் வீட்டுக்கு ஓடிவந்து பார்த்த பிள்ளைகளின் தயவால் 1971 வரை 1225 எபிசோட்கள் ஓடியது. காட்டேரியைச் சாகவிடாமல் காத்தவர்கள் பார்வையாளர்கள். யார் சாக வேண்டும் என்பதில் தங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு என்ற எண்ணம் அவர்களுக்கு அப்போதே வந்துவிட்டது.

ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் எழுதிய ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ ரசிகர் ஆய்வின் மூலநூல் என்று கொண்டாடப்படுகிறது. ‘ஸ்டார் ட்ரெக்’ பற்றிய பகுதிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ பற்றிய அத்தியாயம். நியூயார்க் நகரத்துக்கு அடியில் வாழும் சிங்கமுக மனிதன் வின்சென்ட்டுக்கும், மேலே வாழும் வழக்கறிஞர் காதரீனுக்கும் இடையிலான காதலைச் சொன்ன சிபிஎஸ் தொடர் அது. நாயகியாக நடித்த லிண்டா ஹாமில்டன் விலகியதால், 1989 டிசம்பரில் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் காதரீனைக் கொன்றுவிட்டார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அந்தப் பருவத்தையே கதையாக ஏற்க மறுத்தவர்கள் ஒருபுறம், சகித்துக்கொண்டு தொடர்ந்தவர்கள் மறுபுறம். ஜென்கின்ஸ் இதைப் பனுவல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையாகப் படிக்கிறார். அது சரிதான். ஆனால் ஒரு வக்கீல் நாடகத்திலோ மருத்துவமனைத் தொடரிலோ நாயகி செத்தால் இந்த அளவுக்குப் பிளவு வருமா?

வராது என்றே நினைக்கிறேன். யதார்த்தக் கதையில் சாவு ஊழின் வேலை. அழலாம், யாரையும் சட்டையைப் பிடிக்க முடியாது. அதிசயம் நடக்கும் உலகத்தில் செத்தவர் திரும்பி வரலாம். வரவில்லை என்றால் யாரோ வர விடவில்லை என்றுதான் பொருள். அங்கே ஒவ்வொரு சாவும் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்று வந்துவிட்டால் நீதிபதியைத் தேடுவார்கள்.

தமிழில் இந்தத் தேடல் வேறு வழியில் போனது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த ‘மர்ம தேசம்’ வரிசையில், இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவலை நாகா ‘விடாது கருப்பு’ என்று தொடராக்கினார். அங்கே குதிரைக் குளம்பொலி கேட்டால் தவறு செய்தவருக்குத் தண்டனை நெருங்கிவிட்டது. அடிப்பது கருப்பா, கருப்பின் பெயரில் ஒரு மனிதரா என்பதே வாரக்கணக்கில் வீடுகளில் ஓடிய விவாதம். அதிசயக் கதையின் உயிர் வாசகரின் தயக்கத்தில் இருக்கிறது, விளக்கம் கிடைத்த நொடியில் அது வேறு வகைக் கதையாகிவிடுகிறது என்று இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெடான் டோடோரோவ் 1970இல் எழுதினார். அந்தத் தயக்கத்தை நம் வாராந்தரத் தொடர் ஒவ்வொரு தடவையும் ஏழு நாள் நீட்டித் தந்தது. காவல் தெய்வத்தின் ஊரில் சாவுக்குக் கணக்கு உண்டு. செத்தவர் ஏன் செத்தார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். எழுத்தாளர்மேல் பாய வேண்டிய தேவையே அங்கு இல்லை, பழியை ஏற்றுக்கொள்ளக் கருப்பசாமி இருக்கிறார்.

‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொடரின் உலகத்தில் அப்படிப்பட்ட சாமி இல்லை. அதனால்தான் அத்தொடரைச் சுற்றி ஒரு குட்டி ஆய்வுத்துறையே எழுந்தது. 2001இல் டேவிட் லாவரியும் ரோண்டா வில்காக்ஸும் ‘ஸ்லேயேஜ்’ என்று ஒரு ஆய்விதழையே தொடங்கினார்கள். அந்தத் துறையில் மலைபோல் குவிந்திருக்கும் கட்டுரைகளில் பாதி, தத்துவவாதிகளின் பெயர்களை ரத்தக்காட்டேரிகளுக்குச் சூட்டி மகிழ்பவை. மீதியில் நல்லவை உண்டு, அவை பெரும்பாலும் மூன்று சாவுகளைப் பற்றியவை.

முதலாவது ‘த பாடி’, 2001 பிப்ரவரி 27. பஃபியின் தாய் மூளை ரத்தக்குழாய்க் கோளாறால் வீட்டுக் கூடத்தில் செத்துக் கிடக்கிறாள். அந்த எபிசோடில் பின்னணி இசையே கிடையாது. ஆயிரம் ஆண்டு அரக்கியாக வாழ்ந்து மனுஷியான ஆன்யா, சாவு என்றால் என்னவென்றே புரியாமல் தவிக்கிறாள். பார்த்தவர்கள் அழுதார்கள், யார்மேலும் கோபப்படவில்லை. ஊழ் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பஃபியே உயிர்விடுகிறாள். அக்டோபரில் அவளுடைய தோழி வில்லோ ஒசைரிஸ் என்ற தெய்வத்தின் கலசத்தை வைத்து மந்திரம் சொல்லி எழுப்பிவிடுகிறாள்.

அடுத்தது 2002 மே 7, ‘சீயிங் ரெட்’. வில்லோவும் அவள் காதலி டாராவும் பிரிந்திருந்து மறுபடி சேர்ந்த மறுநாள், வேறு யாருக்கோ குறிவைத்த துப்பாக்கிக் குண்டு ஜன்னல் வழியே பாய்ந்து டாராவைக் கொல்கிறது. மூன்று பருவங்களாக நடித்துவந்த ஆம்பர் பென்சனின் பெயர், தொடக்க டைட்டிலில் முதன்முறையாக இடம்பெற்றதும் அதே எபிசோடில்தான். வஞ்சகமான விளையாட்டு என்று ரசிகர்கள் கொதித்தார்கள், அதில் தவறில்லை. அடுத்த எபிசோடில் வில்லோ ஒசைரிஸைக் கூப்பிடுகிறாள். இது மனிதக் கையால் நடந்த சாவு, மந்திரத்தால் அல்ல, எனவே திருப்பித் தர இயலாது என்று தெய்வம் கைவிரித்துவிடுகிறது. பஃபிக்குத் திறந்த கதவு டாராவுக்கு மூடியது. திறக்கவும் மூடவும் விதி எழுதியவர்கள் யார் என்பது தெரியாத அளவுக்குப் பார்வையாளர் முட்டாள் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன்பாலின இணையராக வரும் பெண்கள் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துச் சாகடிக்கப்படுகிறார்கள் என்ற விமர்சனம் இந்த எபிசோடுக்குப் பிறகு கூர்மையடைந்தது. சமூகக் குறியீடு பற்றிய நியாயமான விமர்சனம் அது. ஆனால் அதற்கு அத்தனை சூடு கிடைத்தது ஒசைரிஸ் வந்து மறுத்துவிட்டுப் போனதால் என்பது என் கணிப்பு.

‘சூப்பர்நேச்சுரல்’ இந்தத் தர்க்கத்தைக் கடைசிவரை இழுத்துச் சென்றது. 2005 முதல் 2020 வரை 15 பருவங்கள், 327 எபிசோட்கள். சாம், டீன் என்ற வின்செஸ்டர் சகோதரர்கள் நெடுஞ்சாலை நெடுகப் பேய் வேட்டையாடுகிறார்கள், சாகிறார்கள், திரும்புகிறார்கள். தம்பி சாமின் உயிருக்காக அண்ணன் டீன் ஆன்மாவை விற்று நரகம் போகிறான். 2008 செப்டம்பரில் காஸ்டியல் என்ற தேவதூதன் அவனை மீட்கிறான். 2008இல் வந்த ஒரு எபிசோடில் டீன் ஒரே நாளில் மறுபடி மறுபடி, நூறு தடவைக்கும் மேல் சாகிறான். அதைச் சிரிப்பாகவே எழுதியிருந்தார்கள். சாவின் விலை அவ்வளவு மலிந்த பிறகு, தொடர் கண்ணாடி முன் போய் நின்றது. 2009 ஏப்ரல் எபிசோடில் சகோதரர்கள் தங்கள் வாழ்க்கையையே நாவலாக எழுதிக்கொண்டிருக்கும் சக் என்ற எழுத்தாளனைச் சந்திக்கிறார்கள். அந்த நாவல்களின் ரசிகர்களும் கதைக்குள் வந்து கேலிக்கு ஆளாகிறார்கள். பின்பருவங்களில் சக்தான் கடவுள் என்றும், அவனே வில்லன் என்றும் ஆகிறது. எழுதுபவனைத் தோற்கடித்தால்தான் இவர்களுக்கு விடுதலை. தங்கள்மேல் ரசிகர்கள் வைத்த குற்றச்சாட்டையே எழுத்தாளர்கள் கதைக்கருவாக்கிக்கொண்டார்கள். இதற்குத் துணிச்சல் வேண்டும், கொஞ்சம் தந்திரமும் வேண்டும்.

2020 நவம்பர் 5 அன்று வந்த ‘டெஸ்பேர்’ எபிசோடில் காஸ்டியல் தன் மனதில் இருந்த காதலை டீனிடம் சொல்கிறான். உண்மையான மகிழ்ச்சியை உணரும் கணத்தில் ‘வெறுமை’ என்ற சக்தி அவனை எடுத்துக்கொள்ளும் என்பது முன்பே போட்ட ஒப்பந்தம். சொல்லி முடித்ததும் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்த வாரம் அது. ஆனாலும் சமூக வலைத்தளங்களில் அன்றிரவு இந்தக் காட்சி தேர்தல் செய்திகளோடு தோளுரசி நின்றது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஆனந்தப்பட்டார்கள். இன்னொரு பகுதியினர், சொல்ல வைத்த வேகத்திலேயே கொன்றதை டாராவின் சாவோடு சேர்த்துப் பேசினார்கள்.

ஒரு வாரம் கழித்து, நவம்பர் 12 எபிசோடில் சக் தோற்று, சக்தி எல்லாம் இழந்து, சாதாரண மனிதனாகத் தரையில் விடப்படுகிறான். இனி எந்தக் கடவுளும் வின்செஸ்டர்களின் கதையை எழுதப்போவதில்லை. நவம்பர் 19, கடைசி எபிசோட்: ஒரு களஞ்சியத்தில் ரத்தக்காட்டேரிகளோடு நடந்த சாதாரணச் சண்டையில், தூணில் துருத்திக்கொண்டிருந்த இரும்புக் கம்பி முதுகில் பாய்ந்து டீன் சாகிறான். தன்னைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் என்று தம்பியிடம் கேட்டுக்கொள்கிறான். இதுதான் சுதந்திரம் தந்த சாவு, கடைசியில் இவர்களுக்கும் ஊழ் கிடைத்துவிட்டது என்று படிக்க இடம் இருந்தது. அப்படிப் படித்தவர்களும் உண்டு. மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. கதைக்குள் பழி சுமக்க இருந்த ஒரே ஆளைப் போன வாரம்தான் வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். எனவே கடிதங்களும் மனுக்களும் வசவுகளும் அந்த எபிசோடின் திரைக்கதையில் பெயர் போட்டிருந்த ஆண்ட்ரூ டாப்பின் முகவரிக்கே போய்ச் சேர்ந்தன.