புற்றுநோய் மரபணுத்தொகையும் மேலாய்வாளரின் ஒப்பந்தமும்

கட்டியிலிருந்து எடுத்த திசுவின் டி.என்.ஏ.வையும் அதே நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கணினியின் துணையோடு பிரித்தறிவதே புற்றுநோய் மரபணுத்தொகை ஆய்வின் அடிப்படை வேலை. பெரிய ஆய்வகங்களில் இதற்கான நிரல்களை எழுதி, முடிவுகளைக் கணக்கிட்டு, கட்டுரையின் முதல் வரைவை உருவாக்குபவர்களில் கணிசமானோர் முனைவர் பட்டம் முடித்து இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேலாய்வாளர்கள். ஆய்வகப் பேச்சில் இவர்கள் ‘போஸ்ட்டாக்’. ஒப்பந்தம் நீளலாம், நீளாமலும் போகலாம். அந்தக் காலத்துக்குள் நல்ல இதழில் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வந்தாக வேண்டும். இந்த ஏற்பாடு துறையின் கண்டுபிடிப்பு வேகத்தை வளர்த்திருக்கிறது. அதே ஏற்பாடுதான் துறைக்கு இன்றியமையாத சரிபார்ப்பையும் பராமரிப்பையும் ஆளில்லாத வேலைகளாக விட்டுவைத்திருக்கிறது.

வேலையின் கடினம் எண்களிலேயே தெரியும். ஒவ்வொரு மனிதரின் மரபணுத்தொகையும் பொது ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மரபணுத்தொகையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பெற்றோர் வழியாக வந்தவை. கட்டியில் மட்டும் புதிதாகத் தோன்றிய சடுதிமாற்றங்களோ பல புற்றுநோய்களில் சில ஆயிரங்கள்தாம். அவற்றிலும் நோயை உண்மையில் முன்தள்ளுபவை ஒற்றை இலக்கத்தில் அடங்கும். திசு மாதிரியில் நலமான செல்களும் கலந்திருக்கும். கட்டிக்குள்ளேயே வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்த செல்கூட்டங்கள் இருக்கும். வரிசைப்படுத்தும் கருவியும் பிழை செய்யும். ஓரிடத்தில் தெரியும் மாற்றம் மெய்யா பொய்யா என்பதற்கு எங்கே கோடு கிழிப்பது என்பது ஒவ்வொரு படியிலும் எடுக்க வேண்டிய முடிவு. கட்டுரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும் அந்த முடிவுகளில்தான் மேலாய்வாளரின் மாதங்கள் கழிகின்றன.

தற்காலிகப் பதவியின் பெரிய நன்மை, துறை தாண்டி வர அது இடம் தருவது. இனிகோ மார்டின்கொரேனா முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது பாக்டீரியாவின் பரிணாமத்தை. பின்னர் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் புற்றுநோய் மரபணுத்தொகைக் குழுவில் மேலாய்வாளராகச் சேர்ந்தார். புரதத்தை மாற்றும் சடுதிமாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு இயற்கைத் தேர்வை அளப்பது பரிணாம உயிரியலாளரின் பழைய வழி. உயிரினங்களை ஒப்பிட வைத்திருந்த அந்த அளவுகோலை அவர் மனித உடலின் செல்களுக்குப் பொருத்தினார். வெயில் படும் கண்ணிமைத் தோலை ஆராய்ந்து 2015-இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரை, நலமான தோலிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செல்கள் புற்றுநோயை முன்தள்ளக்கூடிய சடுதிமாற்றங்களைச் சுமந்திருப்பதைக் காட்டியது. அந்த மாற்றம் இருந்தாலே புற்றுநோய் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. 2017-இல் அதே முறை 29 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 7,664 கட்டிகளுக்கு விரிந்தது. மருத்துவர்கள் மட்டுமே இருக்கும் ஆய்வகத்திலும், கணினியியலாளர்கள் மட்டுமே இருக்கும் துறையிலும், உடலின் செல்களில் இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது என்ற கேள்வி எழுந்திருக்க வாய்ப்பு குறைவு.

பீட்டர் வான் லூவின் பணியும் இவ்வகையே. கட்டி மாதிரியில் நலமான செல்கள் எவ்வளவு, கட்டிச் செல்களில் குரோமோசோம் பிரதிகள் எத்தனை என்ற இரண்டு கேள்விகளையும் ஒருசேரக் கணக்கிடும் ‘ஆஸ்கட்’ முறையை அவர் 2010-இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டார். அப்போது அவரும் மேலாய்வாளர்தான். முனைவர் பட்ட மாணவருக்குக் களத்தின் முழு வரைபடம் இன்னும் கைவந்திருக்காது. பேராசிரியருக்கு நிரல் முன் உட்கார நேரமிருக்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில ஆண்டுகள் ஆய்வு வாழ்க்கையிலேயே வளமானவை. மேலாய்வுப் பதவியைக் குறைகூறும் எவரும் இந்த வளத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

பொதுத் தரவு இன்னொரு பலம். அமெரிக்க அரசின் புற்றுநோய் மரபணுத்தொகை வரைபடத் திட்டம் 2006-இல் தொடங்கி, 33 வகைப் புற்றுநோய்களில் 20,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்தது. சொந்த மருத்துவமனையோ வரிசைப்படுத்தும் கருவியோ இல்லாத இளம் ஆய்வாளருக்கும் அது கேள்வி கேட்கும் தகுதியைத் தந்தது. ஆனால் தரவு பெருகியதும் புதுவகைப் பிழையும் பெருகியது. நுரையீரலின் ஒருவகைப் புற்றுநோயில் 178 கட்டிகளைப் பழைய முறையில் ஆராய்ந்தபோது 450 மரபணுக்கள் முக்கியமானவையாகத் தேறின. வாசனையை உணரும் ஏற்பி மரபணுக்களும், அளவில் மிகப் பெரிய டைட்டின் மரபணுவும் அந்தப் பட்டியலில் இருந்தன. மூக்குக்குரிய மரபணு நுரையீரல் கட்டியை வளர்க்கிறது என்பதை நம்ப இயலாது. மரபணுத்தொகையின் எல்லாப் பகுதிகளிலும் சடுதிமாற்றம் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. தாமதமாகப் பிரதியெடுக்கப்படும் பகுதிகளிலும் குறைவாக வெளிப்படும் மரபணுக்களிலும் அது அதிகம். இதைக் கணக்கில் சேர்த்து பிராட் ஆய்வு நிறுவனத்தினர் 2013-இல் வெளியிட்ட முறை அந்த 450-ஐ 11 ஆகக் குறைத்தது. பட்டியலை நீட்டுவதற்குக் கிடைக்கும் பாராட்டு அதைக் குறைப்பதற்கு அரிதாகவே கிடைக்கும் துறையில், இது போற்றத்தக்க வேலை.

சரிபார்ப்பு தவறினால் விளைவு நோயாளி வரை போகும். டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி குழுவினர், கட்டியின் மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு எந்த மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என 2006-இல் அறிவித்தனர். அதை நம்பி நோயாளிகளிடம் மருத்துவச் சோதனைகளும் தொடங்கின. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பாகர்லியும் கெவின் கூம்ஸும் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளிப் பொருந்தியிருந்ததும், மருந்து கேட்கும் மாதிரிக்கும் கேட்காத மாதிரிக்கும் பெயர்கள் மாறியிருந்ததும் தெரிந்தன. சோதனைகள் 2010-இல் நின்றன, கட்டுரைகள் அடுத்தடுத்துத் திரும்பப் பெறப்பட்டன, 2015-இல் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் இதை முறைகேடு என்று உறுதிசெய்தது. பிழையை வெளிக்கொணர்ந்த இருவரும் நிலையான பதவியில் இருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அதே டியூக் ஆய்வகத்துக்குள் 2008-லேயே ஐயங்களை எழுதிக் கொடுத்த மருத்துவ மாணவர் ஒருவர், பிரச்சினையை மேலே கொண்டுபோக வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டு, அங்கிருந்து விலகிப் படிப்பில் ஓராண்டை இழந்தார்.

முறைகேடு எதுவும் இல்லாமலே வழிதவறிய ஆய்வும் உண்டு. கட்டி மாதிரிகளில் காணும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைக் கொண்டு புற்றுநோய் வகைகளை மிகத் துல்லியமாகப் பிரிக்கலாம் என்று 2020-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. கணினி உயிரியலாளர் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் உள்ளிட்டோர் 2023-இல் அதே பொதுத் தரவை மறுபடி ஆராய்ந்தனர். நுண்ணுயிர் என்று எண்ணப்பட்டவற்றுள் பெரும்பங்கு மனித டி.என்.ஏ.வாகவே இருந்தது. தரவைச் சீராக்கும் கணக்கோ இல்லாத வேறுபாட்டைத் தானே உண்டாக்கியிருந்தது. 2024-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் தரவை ஆதாரமாகக் கொண்டு வேறு கட்டுரைகளும் எழுதப்பட்டிருந்தன. ஒப்பந்தம் முடிய ஓராண்டே மீதமுள்ள ஒருவர், பிறருடைய முடிவை அடியிலிருந்து மீண்டும் கணக்கிட எட்டு மாதம் ஒதுக்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த உழைப்புக்கு அவருடைய தன்விவரக் குறிப்பில் ஏறக்குறைய இடமே இல்லை.

மென்பொருளின் நிலையும் இதுவே. கட்டுரையோடு வெளியாகும் நிரலை எழுதியவர் வேறு ஊருக்குப் போனதும், பிழை தெரிவிப்பவருக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. தரவு அணுகலில் முரண் இன்னும் கூர்மையானது. நோயாளிகளின் தனியுரிமை காக்கப் பூட்டிவைத்திருக்கும் அமெரிக்க மரபணுத் தரவுக்கு விண்ணப்பிக்கும் உரிமை நிரந்தரப் பதவியிலுள்ள மூத்த ஆய்வாளருக்கே உண்டு. மேலாய்வாளர் அவருடைய விண்ணப்பத்தின் கீழ்தான் தரவைத் தொடலாம். தனியுரிமைக் காவல் தேவைதான். ஆனால் தரவின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர் இடம் மாறும்போது அது அவர் கையை விட்டுப் போகிறது.

ஒப்பந்தக் காலம் உண்டாக்கும் அவசரத்தை ஊதியம் மேலும் கூட்டுகிறது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பயிற்சி உதவித்தொகை அளவுகோலில் மேலாய்வாளரின் தொடக்கத் தொகை 2023-இல் ஆண்டுக்கு 56,484 டாலர். இதே கணினித் திறமைக்கு மருந்து நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் அதைவிட வெகுவாக அதிகம் தருகின்றன. 2023 டிசம்பரில் அந்நிறுவனங்களின் ஆலோசனைக் குழு ஒன்று, குறைந்தபட்சம் 70,000 டாலர் தர வேண்டும், மேலாய்வுக் காலம் ஐந்தாண்டைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2024-இல் தொகை 61,008 டாலராக உயர்ந்தது. ஊதியப் பரிந்துரை சரியானது. கால வரம்போ, அடுத்து ஏறுவதற்கு நிலையான பதவிகள் இல்லாத இடத்தில் அனுபவசாலியை விரைவாக வெளியேற்றும் ஏற்பாடாகவே முடியும். அதைவிடப் பயன் தருவது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2016 முதல் வழங்கும் ஆய்வு வல்லுநர் விருது. தனி ஆய்வகம் அமைக்க விரும்பாத, ஆனால் ஆய்வைத் தாங்கிப் பிடிக்கும் அறிவியலாளரின் ஊதியத்துக்கு அது நேரடியாகப் பணம் தருகிறது. தேவையின் முன் அதன் எண்ணிக்கை சிறிது என்பதே குறை.

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி இப்போது நேரடியானது. அமெரிக்க வரைபடத் திட்டத்தின் நோயாளிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய மரபினர். புகையிலை மெல்லுவதால் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் புற்றுநோயைப் பற்றி அத்தகைய தரவு சொல்லக்கூடியது குறைவு. கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகை நிறுவனமும் நவி மும்பையின் ஆக்ட்ரெக் மையமும் சேர்ந்து இந்த நோயை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டன. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவைப் பொதுவில் வைத்தது. இங்கே மேலாய்வாளருக்கு இணையான ரிசர்ச் அசோசியேட் பதவிக்கு 2023-இல் திருத்திய மாதத் தொகை 58,000 முதல் 67,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி; பதவி பெரும்பாலும் திட்டத்தோடு முடிந்துவிடும். மார்பகப் புற்றுநோய் பத்தாண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. எந்தச் சடுதிமாற்றம் எந்த நோயாளிக்குக் கேடு செய்தது என்பதைச் சொல்லப்போகும் விவரம் அத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறும். அதை முதலில் எடுத்த வரிசைப்படுத்தல் தரவோடு இணைத்துப் படிக்க வேண்டியவரின் ஒப்பந்தம் இன்றைய முறையில் மூன்று ஆண்டோடு முடிகிறது.