மேக்னம் ரிவால்வர்: சட்டகமும் சுமையும்

குழல், தோட்டா அமரும் சிலிண்டர், விசைப் பொறி, கைப்பிடி ஆகிய அனைத்தையும் ஒன்றாகத் தாங்கி நிற்கும் எஃகு உடலே ரிவால்வரின் சட்டகம் எனப்படும். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதனை ஜே, கே, எல், என் என எழுத்துகளால் வகைப்படுத்தியது. சிலிண்டரின் குறுக்களவு சிறிய ஜே சட்டகத்தில் ஏறத்தாழ 33 மி.மீ. ஆகவும், பெரிய என் சட்டகத்தில் 43 மி.மீ. ஆகவும் இருக்கும். இடையிலுள்ள இந்த ஒரு சென்டிமீட்டரைச் சுற்றியே மேக்னம் மரபின் வாதங்கள் அனைத்தும் எழுந்தன எனலாம்.

1935-இல் வெளிவந்த .357 மேக்னம், பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை மூன்று மி.மீ. அளவுக்கு நீட்டி, உள்ளே அழுத்தத்தைப் பெருக்கிச் செய்யப்பட்டது. பழைய துப்பாக்கிக்குள் இது தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீட்சி. அந்த அழுத்தத்துக்கு அஞ்சி முதலில் என் சட்டகத்தையே தேர்ந்தனர். ஒன்றேகால் கிலோ எடையுள்ள அத்துப்பாக்கி பின்னுதைப்பைப் பெரும்பாலும் தானே விழுங்கிக்கொள்ளும் என்பதால் சுடுவதற்கு இதைவிட இதமானது அரிது. நாள் முழுவதும் இடுப்பில் சுமக்கும் காவலருக்கோ அதுவே தண்டனையாயிற்று.

அவர்களுக்காக 1955-இல் கே சட்டகத்தில் அமைந்த காம்பாட் மேக்னம் வந்தது. எடை ஒரு கிலோவாகக் குறைந்தது. ஆனால் இடுக்கான அந்த உடலுக்குள் சிலிண்டரைத் தாங்கும் கை அமைய வேண்டியிருந்ததால், குழலின் பின்வாயின் அடிப்பகுதியைச் சற்றே தட்டையாகச் சீவ நேர்ந்தது. எட்டு கிராம் எடையுள்ள, விரைவு மிகுந்த குண்டுகளைத் தொடர்ந்து சுட்டவர்களின் துப்பாக்கிகளில் விரிசல் கண்டது பெரும்பாலும் அந்தச் சீவிய இடத்திலேதான். இந்தக் குறைக்கு விடையாக 1980-இல் எல் சட்டகம் பிறந்தது; பின்வாய்க்கு முழு வட்டமாக உலோகம் கிடைத்தது, கைப்பிடியோ பழைய கே அளவிலேயே நின்றது. சுடவும் சுமக்கவும் ஒரே துப்பாக்கி வேண்டுபவருக்கு இந்த இடைநிலையே இன்றளவும் நியாயமான தேர்வாகும். பிற நிறுவனங்களின் மேக்னங்களில், கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் கையால் இழைத்துப் பொருத்திய நயத்துக்கும், ரூகர் நிறுவனத்தின் துப்பாக்கிகள் வார்ப்பெஃகு உடலின் முரட்டு உறுதிக்கும் பெயர் பெற்றவை.

ஜே சட்டக மேக்னங்களின் கதை வேறு. டைட்டானியம், ஸ்காண்டியம் கலந்த உலோகங்களால் முந்நூற்றைம்பது கிராமுக்கும் கீழே எடை இறங்கியபோது, ஒரே தோட்டாவின் பின்னுதைப்பு ஆற்றல் என் சட்டகத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கு நெருங்கியது. உதைப்பின் அதிர்ச்சியில், சுடப்படாத தோட்டாவின் குண்டு கூட்டிலிருந்து முன்னே நழுவிச் சிலிண்டரையே சுழலவிடாமல் செய்வதும் உண்டு. சட்டைப்பைக்குள் அடங்குகிறது என்பதற்காக மேக்னம் என்னும் பெயரை வாங்குபவர், பயிற்சிக்கு .38 ஸ்பெஷலையே நாடுவதில் வியப்பில்லை.

எடையைக் குறைத்தாலும் சிலிண்டரின் புடைப்பு மறையாது. சுமப்பதில் ரிவால்வருக்குள்ள நிரந்தர இடர் இதுவே. செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட ஆயுதம் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். தட்டையான அத்தகைய கருவி உடைக்குள் மறைவதுபோல் ரிவால்வர் மறைவதில்லை.

இந்திய மரபு மேக்னத்தின் பக்கம் செல்லவில்லை. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் வெளியிட்ட நிர்பீக் ரிவால்வர் .32 தோட்டாவுக்கானது, எடை அரைக் கிலோ; 2023-இல் வந்த பிரபலும் அதே தோட்டாவுக்கே, எடை எழுநூறு கிராம். .32-இன் ஆற்றல் .357-இல் கால் பங்கைத் தாண்டுவதே அரிது என்பதால் சிறு சட்டகம் இங்கே குறையாவதில்லை. தென்காசியின் மலையடிவாரத் தோப்புக்காரருக்கு இவையும் பொருந்தா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கெனச் சுட்டுவது வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியையே. நகர வணிகர் எவரேனும் கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெற்றாலும், வேட்டிமேல் கட்டும் பச்சைப் பெல்ட்டு பணப்பைக்குத் தாங்குமேயன்றி ஒரு கிலோ எஃகைத் தாங்காது.

ஆற்றலில் எளியதான இந்த .32 போட்டிக் களத்தில் முதலிடம் பெறுவது சுவையான முரண். உலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம், துப்பாக்கியின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது, விசையின் இழுவை ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. மேக்னம் தோட்டாவுக்கு அங்கே இடமே இல்லை. பின்னுதைப்பு மெல்லியதாக இருப்பதால் .32 தட்டைமுனைக் குண்டையே வீரர்கள் பலரும் விரும்புகின்றனர்.

பராமரிப்பில், குற்றாலச் சாரலின் ஈரத்துக்கு அளவுகோல் தனி. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், கருநீல மெருகேற்றிய எஃகு அதற்குள்ளேயே கிடந்தால் சில நாளிலேயே துருப்புள்ளி காணும். 1965 முதல் ரிவால்வரில் புழக்கத்துக்கு வந்த துருப்பிடிக்கா எஃகு ஈரத்தைப் பெரிதும் தாங்கும் என்றாலும், ஆடி மாதத்தில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துத் தனியே பூட்டி வைப்பதே முறை.